பிடியரிசி எடுத்த சவரியம்மாள்

எங்கள் தெருவில் கிறிஸ்தவ வீடுகள் இருபத்திரண்டு. ஒவ்வொரு வீட்டிலும் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்கலயம் இருக்கும். உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டுவிடுவார்கள். அது கடவுளுக்கு. சனிக்கிழமை காலையில் சவரியம்மாள் கூடையோடு வந்து அதை எடுத்துக்கொண்டு போய்ச் சிற்றாலயத்தில் உள்ள பெரிய பானையில் கொட்டுவார். காய்ச்சலில் கிடப்பவர், பிரசவித்தவள், வயலுக்குப் போக முடியாதவர் என்று யாருக்குத் தேவையோ அவர்களுக்கு அந்தப் பானையிலிருந்து போகும்.

சவரியம்மாள் எடுக்கும் விதம் தனி. கலயத்தின் வாயில் தன் முந்தானையைப் போட்டு மூடி, அதற்குள் கையை விட்டு அள்ளுவார். அள்ளிய கை முந்தானைக்குள்ளேயே கூடைக்குப் போகும். கூடையின் மேலும் ஒரு துணி கிடக்கும். எந்த வீட்டில் எவ்வளவு இருந்தது, எந்த வீட்டில் ஒன்றுமே இல்லை என்பது பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. முன்பு ஒரு ஐப்பசி மாதம் ஒருத்தி வெறும் கலயத்தை நீட்ட வெட்கப்பட்டுப் படலைச் சாத்திக்கொண்டாளாம். அதற்குப் பிறகுதான் இந்த முந்தானை.

எழுபதாம் வருஷம் மாசி மாதம் அந்த முந்தானைக்குள் நடந்தது தெருவுக்குத் தெரியவந்தது. நான் அப்போது ஐம்பது நாள் கைக்குழந்தை. எனக்கு எதுவும் நினைவில் இல்லை. அம்மா சொன்னதையும், எதிர்வீட்டு எல்லையம்மாள் சொன்னதையும், அன்றைக்கு விவசாயக் கூலிகளின் சங்கத் தலைவராக இருந்த ரெத்தினம் மாமா சொன்னதையும் வைத்துத்தான் எழுதுகிறேன். மூன்று பேர் சொன்னதும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாத இடத்தில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முந்தைய வைகாசியில் பண்ணையாரின் வைக்கோல்போர் எரிந்தது. யார் வைத்த நெருப்பு என்று இன்றுவரை தெரியாது. அப்பா இன்னாசி அப்போது அந்தப் பண்ணையில் ஆள். பண்ணையை மேற்பார்க்கும் காரியக்காரர் அப்பாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார். திரும்பி வந்தபோது, சவரியம்மாளின் மகன் சந்தியாகு போருக்கு நெருப்பு வைத்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று எழுதிய காகிதத்தில் அப்பாவின் கைநாட்டு விழுந்திருந்தது. அப்பா பார்க்கவில்லை. போர் எரிந்த அன்று அவர் ஊரிலேயே இல்லை, சந்தைக்கு மாடு ஓட்டிக்கொண்டு போயிருந்தார். ஆனால் எங்கள் குடிசை நின்ற மனை பண்ணையாருடையது. அம்மாவுக்கு அப்போது இரண்டாவது மாதம், வயிற்றில் நான். குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், போக இடமில்லை. அப்பா கட்டைவிரலை நீட்டிவிட்டார்.

சந்தியாகு அண்ணனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தகப்பன் இல்லாத ஒரே பிள்ளை. சங்கத்தில் எல்லாருக்கும் முன்னால் நிற்பவர். நாலு மாதம் ஜெயிலில் கிடந்து ஜாமீனில் வந்தார். வழக்கு நிலுவையில் இருந்தது. அவர் வந்த வாரத்திலேயே தெரு கூடி எங்கள் வீட்டைத் தள்ளிவைத்தது. தண்ணீர், நெருப்பு, பேச்சு மூன்றும் கிடையாது. யார் மீறினாலும் அவர்களுக்கும் அதே கதி.

அந்தக் கூட்டத்தில் சவரியம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"அந்த வீட்டுல பிடியரிசி எடுக்கப் போகலாமா, கூடாதா?"

ரெத்தினம் மாமா கையை விரித்தார். "கோயிலுக்கு எடுக்கிறதை நான் எப்படிக்கா தடுப்பேன். எடுத்துக்க. ஆனா எதுவும் குடுக்கக் கூடாது, பேசக் கூடாது."

"வாயத் தொறக்காம எப்படி எடுக்கிறது?"

"இருமிக் காட்டு."

கூட்டமே சிரித்தது. சந்தியாகு அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "எடுக்கிறதை வழிச்சு எடும்மா. ஒரு மணி விடாத" என்றார்.

அதிலிருந்து சனிக்கிழமை தோறும் எங்கள் வாசலில் இருமல் கேட்கும். அம்மா கலயத்தை நீட்டுவாள். முந்தானை விழும், கை உள்ளே போகும், வரும். சவரியம்மாள் அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே போய்விடுவார். "அவ பாக்காததே எனக்கு நல்லதாப் போச்சு. பாத்தா நான் எங்க மூஞ்சிய வெச்சுக்கிறது" என்பாள் அம்மா.

தை முடியும்போது வேலைநிறுத்தம் வந்தது. அறுவடைக் கூலியை உயர்த்திச் சட்டம் வந்துவிட்டது என்று சங்கம் சொன்னது. அந்தச் சட்டத்தை எழுதியவனை வந்து அறுக்கச் சொல்லுங்கள் என்றார் பண்ணையார். தெருவில் எல்லாரும் அரிவாளைக் கூரையில் செருகிவிட்டார்கள். சம்பா முற்றித் தலைசாய்ந்து கிடந்தது. கொள்ளிடத்துக்கு வடக்கேயிருந்து ஆள் இறக்கப்போகிறார்கள் என்று தினமும் ஒரு சேதி வரும். ஆண்கள் பகல் முழுக்க வயல் வரப்பில் காவல் இருந்தார்கள். பதினாலு மாதம் முன்பு கிழக்கே ஒரு ஊரில் கூலி கேட்டவர்களைக் குடிசையில் வைத்துக் கொளுத்திய கொடுமை எல்லார் நினைவிலும் இருந்தது. ஒரு லாரிச் சத்தம் கேட்டால் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்களாம்.

இரண்டாவது வாரத்தில் வீடுகளில் அரிசி தீர்ந்தது. சிற்றாலயத்துப் பானையைத் திறப்பது என்று முடிவானது. கிறிஸ்தவ வீடு, இந்து வீடு என்று பார்க்காமல் தெருவில் எல்லாருக்கும் தலைக்கு வாரம் அரைப்படி. சவரியம்மாள்தான் அளந்து போட்டார். எங்கள் வீட்டுக்கு இல்லை.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் அந்த நாட்களில் பண்ணை வேலைக்குப் போகவில்லை. போயிருந்தால் நெல் கிடைத்திருக்கும். காரியக்காரர் இரண்டு தடவை ஆள் விட்டுக் கூப்பிட்டார். ஏன் போகவில்லை என்று நான் பெரியவளான பிறகு கேட்டேன். "ஒரு தடவை அவங்க பக்கம் போனது போதும்னு தோணிச்சு" என்றார். அப்பா போகவில்லை என்பதைத் தெரு நம்பவில்லை. அப்படியாக எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் கதவு அடைபட்டது. அம்மாவுக்குப் பால் வற்றிக்கொண்டு வந்தது. நான் ஓயாமல் அழுதேனாம்.

விபூதிப் புதனுக்கு மறுநாள் சவரியம்மாள், தவக்காலம் தொடங்கிவிட்டது, இனி பிடியரிசி தினமும் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கினார். தெரு சிரித்தது. சமைத்தால்தானே பிடி போடுவதற்கு. ஆனாலும் அவர் ஒரு வீடு விடாமல் போய்க் கையை விட்டுவிட்டு வந்தார். எங்கள் வாசலிலும் இருமல் கேட்டது. அம்மா வெறும் கலயத்தை நீட்டினாள். முந்தானை விழுந்தது, கை போனது, வந்தது. அவர் போன பிறகு கலயத்தைப் பழைய இடத்தில் வைக்கப்போனவளுக்குக் கை கனத்தது.

உள்ளே இரண்டு பிடி அரிசி இருந்தது.

"பேயடிச்ச மாதிரி நின்னேன்" என்பாள் அம்மா. அப்பாவிடம் சொல்லவில்லை. கஞ்சி வைத்துக் குடித்தாள். மறுநாளும் இருமல், மறுநாளும் இரண்டு பிடி. மூன்றாம் நாள் கலயத்தை நீட்டும்போது முந்தானைக்கடியில் அவர் கையைத் தொட்டுப் பார்த்தாளாம். சுட்ட மாதிரி இழுத்துக்கொண்டாராம் சவரியம்மாள். அன்றைக்குத்தான் அப்பாவிடம் சொன்னாள். அப்பா அந்தக் கஞ்சியைத் தொடவில்லை. நீ குடி, பிள்ளைக்குப் பால் கொடு என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

பசித்த தெருவில் புகை மறையாது. எல்லையம்மாள் எதிர்வீடு. அவர் வாய்க்குத் தெருவே பயப்படும். "நம்ம அடுப்புல பூனை குட்டி போட்டிருக்கு. இன்னாசி வீட்டுல மட்டும் விடிஞ்சா புகையுது. பண்ணை அரிசியோ என்னமோ, நல்லா வேகுது போல" என்று வாய்க்கால் கரையில் சொல்லியிருக்கிறார். சும்மாதான் சொன்னேன் என்று என்னிடம் பலமுறை சொல்லிவிட்டார். சும்மா சொன்னது ஒரு மணி நேரத்தில் வரப்பில் காவல் இருந்த ஆண்களின் காதுக்குப் போய்விட்டது.

அது ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். இருபது பேருக்கு மேல் வந்தார்கள். முன்னால் சந்தியாகு அண்ணன், பின்னால் ரெத்தினம் மாமா. இரண்டு மூன்று பேர் கையில் கடப்பாரை இருந்தது. குடிசை பிரிப்பதற்கு அதுபோதும். நாலு மூங்கிலைப் பெயர்த்தால் கூரை உட்கார்ந்துவிடும்.

அப்பா வெளியே வந்து நின்றார்.

"என்னாடா வேகுது உள்ள?" என்றார் சந்தியாகு அண்ணன்.

அப்பா பின்னால் இருந்த படலை இழுத்துச் சாத்தினார்.

"தெருவே கொட்டிக்கிழங்கு தோண்டித் தின்னுது. உனக்கு மட்டும் எவன்டா படியளக்கிறான்? காரியக்காரனா?"

"நான் பண்ணைக்குப் போகல."

"போகாமத்தான் கைநாட்டு வெச்சியா."

ரெத்தினம் மாமா, "கலயத்தைக் கொண்டாரச் சொல்லு. பாத்துட்டுப் பேசுவோம்" என்றார். அவர் எதையும் பார்க்காமல் செய்ய மாட்டார். அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு கலயத்தைக் கொண்டுவந்தாள். யாரோ ஒரு முறம் நீட்டினார்கள். சந்தியாகு அண்ணன் கலயத்தை அதில் கவிழ்த்தார்.

அரிசியைப் பார்க்கக் கூட்டம் முறத்தைச் சுற்றிக் குனிந்தது. பண்ணை அரிசி என்றால் ஒரே ரகமாக, தவிடு போகத் தீட்டி, ஒரே நிறத்தில் இருக்கும். முறத்தில் கிடந்தது அப்படி இல்லை. கொஞ்சம் புழுங்கல், கொஞ்சம் பச்சை, நடுநடுவே சிவப்பு, குறுவையின் மோட்டா அரிசி, புதிதாக வந்த ஆடுதுறை ரகம், நொய். இருபது அடுப்பில் இருந்து இருபது கை போட்டது போல. அந்த ஊரில் அப்படி ஒரு அரிசி இருந்த இடம் ஒன்றுதான். பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது.

"கோயில் பானை" என்றார் ஒருவர்.

எங்கள் அப்பா பண்ணைக்குப் போகவில்லை என்பது அந்த முறத்தில் நிரூபணமாகிவிட்டது. ஆனால் அது அவரைக் காப்பாற்றவில்லை. பண்ணைக்குப் போனவன் என்றால் துரோகி. ஊர் பட்டினி கிடக்கும்போது கோயில் பானையில் கைவைத்தவன் என்றால் அதற்குப் பெயரே இல்லை. சிற்றாலயத்துக்குப் பூட்டும் கிடையாது.

சந்தியாகு அண்ணன் அப்பாவின் சட்டையைப் பிடித்தார். "நீயா எடுத்த?"

அம்மா வாயைத் திறந்தாள். அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "ஆமா. நான்தான் எடுத்தேன்" என்றார்.

 வைகாசியில் ஒரு பொய். மாசியில் ஒரு பொய். முதல் பொய்யில் சவரியம்மாளின் பிள்ளை ஜெயிலுக்குப் போனான். இரண்டாவது பொய்யில் அப்பா சவரியம்மாளைக் காப்பாற்றப் பார்த்தார். ஆனால் அவர் நின்றது என்னையும் அம்மாவையும் வெளியே தள்ளப்போகும் கடப்பாரைகளுக்கு எதிரே. அவருக்கு அந்த உரிமை உண்டா? அம்மாவைக் கேட்காமல் அவர் எங்களையும் சேர்த்துத்தானே கொடுத்தார்? எனக்கு இன்னும் தெளிவில்லை.

முதல் மூங்கிலின் அடியில் கடப்பாரை இறங்கியது. இரண்டாவது குத்து விழும்போது சவரியம்மாள் வந்தார். குட்டையிலிருந்து நேரே வந்திருக்கிறார். முழங்கால்வரை சேறு. மடியில் கொட்டிக்கிழங்கு.

"நிறுத்துங்க. அவன் எடுக்கல. நான் போட்டேன்."

"அவனே ஒத்துக்கிட்டான்க்கா" என்றார் ரெத்தினம் மாமா.

"அவன் என்னிக்குப் பாத்ததைச் சொன்னான், இன்னிக்குச் சொல்றதுக்கு?"

கூட்டத்தில் ஒன்றிரண்டு பேருக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார்கள். எல்லையம்மாள் அடக்கவில்லை.

ரெத்தினம் மாமாவின் முகம் மாறியது. "பானையிலேர்ந்தா எடுத்துப் போட்ட?"

"என் பங்குலேர்ந்து. தலைக்கு அரைப்படி குடுத்தீங்கல்ல. அது."

"உன் பங்குன்னு ஒண்ணு இல்லக்கா. நாம ஒரு வேலையில இறங்கியிருக்கோம். இப்ப எல்லாமே தெருவோட பங்கு. நீ பாவம் பாத்து ஒருத்தனுக்குப் போடுவ, நாளைக்கு இன்னொருத்தன் பாவம் பாத்துப் பண்ணைக்கு அறுக்கப் போவான். எப்படி நிக்கிறது நாம?"

அவர் சொன்னது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த வேலைநிறுத்தம் ஜெயித்தது. அந்தக் கூலியில்தான் அம்மா என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். ரெத்தினம் மாமா இளகியிருந்தால் தெரு உடைந்திருக்கும், நான் இதை எழுத எழுத்துக் கற்றிருக்க மாட்டேன். சவரியம்மாள் இளகாமல் இருந்திருந்தால் எழுதுவதற்கு நானே இருந்திருக்க மாட்டேன்.

சந்தியாகு அண்ணன் இதற்குள் அப்பாவின் சட்டையை விட்டுவிட்டார். தாயின் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பசிக்கல, பசிக்கலன்னு எனக்கு மட்டும் வடிச்சுப் போட்டியே. நீ இதத்தான் தின்னியா?"

"கிழங்கு நல்லாத்தான் இருக்கு."

"இவன் பொண்டாட்டிக்காகவா?"

"பச்சப்புள்ளக்காரி."

"நான் ஜெயில்ல கெடந்தப்ப எனக்காக நீ இப்படிக் கெடந்தியா அம்மா?"

 சவரியம்மாள் அப்போதும் அப்படித்தான் கிடந்தார். வாரம் ஒருமுறை ஜெயிலுக்குப் போக பஸ்ஸுக்குக் காசு சேர்க்க ஒருவேளைச் சோறு விட்டார் என்று எல்லையம்மாள் சொல்கிறார். அதை அன்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ரெத்தினம் மாமா கடைசியாக ஒரு வழி சொன்னார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. இனிமே போட மாட்டேன்னு மாதா மேல ஒரு சத்தியம் பண்ணிடுக்கா. உன்னைய விட்டுடுறோம்."

"பண்ண மாட்டேன்."

"ஏன்?"

"நாளைக்கும் போடுவேன்ல."

அப்படியானால் உனக்கும் தண்ணி, நெருப்பு, பேச்சு கிடையாது என்று சொல்லிவிட்டு ரெத்தினம் மாமா கடப்பாரைக்காரர்களைப் பார்த்துத் தலையசைத்தார். சவரியம்மாள் மடியில் இருந்த கிழங்கைத் திண்ணையில்லாத அந்தக் குடிசையின் மண்வாசலில் கொட்டினார். அதன் பக்கத்திலேயே, வாசற்படியில், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அப்பா பக்கத்தில் வந்து நின்றார். "நீ உள்ள போடா" என்று சவரியம்மாள் அவரை விரட்டிவிட்டார். பெயர்க்க வேண்டிய இரண்டு முன்மூங்கிலும் அவர் தோளுக்கு இரண்டு பக்கமும் இருந்தன. அவர் மேல் கை படாமல் கடப்பாரை இறங்காது. அவரைத் தொட யாரும் தயாராக இல்லை. எழுந்து போகும்வரை நிற்போம் என்று நின்றார்கள்.

அப்போதுதான் சந்தியாகு அண்ணன் தங்கள் வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு துணிமூட்டை. யாரிடமும் பேசாமல் தெருவைக் கடந்து வாய்க்கால் பாலத்தை நோக்கி நடந்தார். தென்னை மரத்தைக் குறுக்கே போட்ட பாலம். எங்கள் வாசலில் உட்கார்ந்தால் நேரே தெரியும். பாலத்தின் நடுவில் போய் நின்றுவிட்டார். திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அவர் எதற்கு நிற்கிறார் என்று தெருவுக்கே தெரிந்தது. தாய் ஓடி வந்து கையைப் பிடித்தால் திரும்பிவிடுவார். ஐம்பது அடி தூரம்தான். ஆனால் தாய் எழுந்தால் குடிசை விழும்.

"போக்கா. உம்புள்ள போறான்" என்றார் கடப்பாரை வைத்திருந்தவர். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் ஒரு மகன் இருந்தான்.

இந்த இடத்தில் மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஒரு கையைத் தரையில் ஊன்றி எழப்போய்ப் பிறகு உட்கார்ந்தார் என்கிறார் எல்லையம்மாள். அசையவே இல்லை என்கிறார் ரெத்தினம் மாமா. அம்மா உள்ளேயிருந்து பார்த்தது அவர் முதுகை மட்டும். "மூச்சு விடலடி அவ. முதுகுல தெரிஞ்சுது" என்கிறாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பாலத்தில் யாரும் இல்லை.

வெயில் ஏறியது. கூட்டம் நின்றது. பசியில் ஒருவர் உட்கார்ந்தார், இன்னொருவர் புளியமர நிழலுக்குப் போனார். பன்னிரண்டு மணிக்கு மேல் எல்லையம்மாள் தன் வீட்டுக்குள் போய் ஒரு சொம்பு தண்ணீரோடு வந்தார். எல்லாரும் பார்க்கத் தெருவைக் கடந்து சவரியம்மாளிடம் நீட்டினார்.

"எல்லையம்மா, தெருக் கட்டுப்பாடு" என்றார் ரெத்தினம் மாமா.

"தெரியும். என்னையும் தள்ளி வெச்சிடு. இந்தத் தெருவுல என்கிட்ட எவனும் பேசலன்னா எனக்கு நிம்மதிதான். உங்களுக்கும் நிம்மதிதான். குடிடி சவரி, தொண்டை காஞ்சு செத்துக்கித்து வெக்காத, தூக்கக்கூட இவனுங்களுக்குத் தெம்பு கிடையாது."

சவரியம்மாள் குடித்தார். கடப்பாரை வைத்திருந்த ஒருவர் சிரித்துவிட்டு அதைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்புக்குப் போனார். இன்னும் இரண்டு பேர் போனார்கள். கடைசியில் ரெத்தினம் மாமா மட்டும் நின்றார். குடிசை இருக்கட்டும், தள்ளிவைத்தது தள்ளிவைத்ததுதான், மூன்று வீட்டுக்கும், என்று சொல்லிவிட்டு அவரும் போனார்.

ஒன்பது நாள் கழித்துப் பண்ணையார் இறங்கி வந்தார். புதுக்கூலிக்கு அறுவடை நடந்தது. சவரியம்மாளை அந்த அறுப்புக்கு யாரும் கூப்பிடவில்லை. பிடியரிசிக் கூடையும் வேறு கைக்குப் போனது. ஈஸ்டர் முடிந்து கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். அதுவரை அவரும் அம்மாவும் ஒரே அடுப்பில் பொங்கினார்கள். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் அதிகம் பேசிக்கொள்ளவில்லையாம். பழக்கம் விட்டுப்போயிருந்தது.

ஆனி மாதம் வழக்கு விசாரணைக்கு வந்தது. சந்தியாகு அண்ணன் வரவில்லை, சங்கத்து வக்கீல்தான் அவருக்காக நின்றார். அப்பா மாயவரம் கோர்ட்டில் கூண்டில் ஏறி, நான் எதையும் பார்க்கவில்லை, அன்று ஊரிலேயே இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கினார். வழக்கு தள்ளுபடியானது. மனையைக் காலி செய் என்று மறுநாளே ஆள் வந்தது. அடுத்த வருஷம் குடியிருப்பு மனையைக் குடியிருப்பவனுக்கே கொடுக்கும் சட்டம் வந்து மனை எங்களுக்கே ஆனது என்பது வேறு. கூண்டில் ஏறும்போது அப்பாவுக்கு அது தெரியாது.

சந்தியாகு அண்ணன் நெய்வேலிச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று தெரிந்து எங்கள் கோயில் பங்குச்சாமி கடிதம் போட்டார். நீ விடுதலையாகிவிட்டாய், வா என்று. பதில் வரவில்லை.

கல்லூரியில் படிக்கும்போது நான் சவரியம்மாளைக் கேட்டேன். "ஏன் பெரியம்மா செஞ்சீங்க? எங்கப்பா உங்களுக்குச் செஞ்சதுக்கு?"

"நீ ஓயாம கத்துன. தூங்க முடியல."

"அன்னைக்கு ஏன் எந்திரிக்கல?"

"அதக் கேக்காத" என்று சொல்லிவிட்டுக் கோழியை விரட்டப் போய்விட்டார்.

பிரசங்கத்தில் தன்னையே கொடுக்கும் அன்பு என்று சொல்லும்போது எனக்கு அவர் உட்கார்ந்திருந்த வாசல்தான் நினைவுக்கு வரும். ஆனால் அவர் தன்னை மட்டுமா கொடுத்தார்? தன் அரைப்படியைக் கொடுத்தது புரிகிறது. மகனையும் கொடுத்தாரே. கொடுக்கப்பட்டவனை யாராவது கேட்டார்களா? பட்டம் வாங்கிய பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. போன வருஷம் நெய்வேலிக்குப் போனேன்.

சந்தியாகு அண்ணனுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. குவார்ட்டர்ஸ் வாசலில் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இன்னாசி மகள் என்றேன். வாளியைக் கீழே வைத்தார்.

"அந்தக் கைக்குழந்தையா?"

"ஆமா."

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் மனைவி காபி கொடுத்தார். கதவுக்குப் பின்னால் இரண்டு பெண் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அப்பா கோர்ட்டில் சொன்னது தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும். உங்கப்பன் மேல கோவம் அதோட போயிடுச்சு."

"அப்புறம் ஏன் வரல?"

"பாலத்துல நின்னேன். அவ வரல."

"வந்திருந்தா குடிசையைப் பிரிச்சிருப்பாங்க."

"அந்தக் கடப்பாரைய வீட்டுலேர்ந்து எடுத்துக் குடுத்தவனே நான்தான். எனக்குத் தெரியாதா." கதவுப் பக்கம் திரும்பிப் பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார். "அவ செஞ்சது சரிதான். அது அன்னைக்கு ராத்திரியே தெரிஞ்சுபோச்சு. சரியாச் செஞ்சவ முன்னாடி எப்படிப் போய் நிக்கிறது, சொல்லு. தப்பு செஞ்சிருந்தா என்னைக்கோ போயிருப்பேன்."

 வருவதாக அவர் சொல்லவில்லை. பஸ் ஏறும்வரை கூட வந்தார். மூன்று மணி பஸ் போய்விட்டதால் அடுத்த பஸ்ஸுக்காக ஒரு மணி நேரம் நின்றார்.

ஊருக்கு வந்ததும் சவரியம்மாளிடம் போய் அவரைப் பார்த்தேன் என்று சொன்னேன். அவர் சொன்னதை வார்த்தை பிசகாமல் சொன்னேன். சவரியம்மாள் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தார். முடித்ததும், "புள்ளைங்க இருக்கா?" என்றார்.

"ரெண்டு பொண்ணு பெரியம்மா."

"பேரு என்னா?"

நான் கேட்கவில்லை. அங்கே இருந்த இரண்டு மணி நேரமும் என் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பேரு கேக்காம எதுக்குடி அவ்வளவு தூரம் போன" என்றார் சவரியம்மாள்.